பொலேரோவுக்குள் ஒரு பரண்

கேள்வி: என் பொலேரோவின் பின்பக்கம் மேலே படுக்கை, கீழே சாமான் பெட்டி என்று பலகை அடிக்க ஆசை. வீட்டில், "ஊரில் லாட்ஜே இல்லையா?" என்கிறார்கள். உங்கள் யோசனை?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஆசாரியைக் கூப்பிடும் முன் வண்டிக்குள் ஏறிக் கால் நீட்டிப் படுத்துப் பாருங்கள். இப்போது முட்டுகிற தலை, பலகை அடித்த பிறகும் முட்டும். முன்சீட்டைத் தள்ளிவிட்டு, கீல் வைத்து விரிகிற துண்டுப் பலகை ஒன்று போட்டால் கொஞ்சம் நீளம் கிடைக்கும். சாமானுக்காகப் படுக்கையை உயர்த்த உயர்த்த, கூரை இறங்கி வரும். எழுந்து உட்கார்ந்தால் உச்சந்தலை தப்பிக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஆசாரி 18 மி.மீ. பிளைவுட் கேட்பார், அவருக்குக் கல்யாணக் கட்டில் செய்தே பழக்கம். 8-க்கு 4 அடிப் பலகை ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. மரைன் பிளை, அடியில் நெருக்கமாகச் சட்டம், போதும். சீட்டைக் கழற்றி எறியாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மடக்கிய சீட்டின்மேல் வைத்து எடுக்கிற மாதிரி செய்யுங்கள். ஆனால் இறுக்கிக் கட்டுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், பெட்டி நிற்காது. தண்ணீர் கேன் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும்.

தூங்கும்போது கண்ணாடியை விரற்கடை திறந்து வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவது விளையாட்டல்ல, கார்பன் மோனாக்சைடு ஆளை எழுப்பாது.

பலகையின் அகலத்தை மட்டும் வீட்டில் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் அளந்தால், லாட்ஜ் யாருக்கு என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.