பத்து சென்டும் பழையாத்துக் காத்தும்

மக்கா, நீ பெங்களூர்லே இருந்து போன் போட்டு, "பாட்டா, நம்ம ஊர்லே பத்து சென்டு வாங்கி வீடு கெட்டலாம்னு இருக்கேன். காலையிலே காப்பியோட திண்ணையிலே உக்காந்தா எதிரே பச்சைப்பசேல்னு வயலு தெரியணும்"னு சொன்னே பாரு, எனக்குச் சந்தோசம் தாங்கலே. உங்க அப்பனை அந்த வயல்லே இறங்கச் சொன்னா காய்ச்சல்னு போத்திப் படுத்துக்கிடுவான். நீ அதைச் சும்மா பாக்குகதுக்கே லட்சக்கணக்கிலே குடுக்கேன்னு நிக்கே. குடும்பம் முன்னேறிட்டுது.

வாங்கு, யாரு வேண்டாம்னா? தரகன் பேசினதை ஒரு மணிக்கூர் கேட்டேல்லா, கெழவன் பேசுகதையும் கொஞ்சம் கேட்டுட்டு வாங்கு.

வாட்சாப்பிலே படம் அனுப்பியிருக்கான். செம்மண்ணு பரத்தி, மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லு நட்டு, வாசல்லே ஆர்ச்சு, ஆர்ச்சு மேலே என்னமோ ஒரு 'நகர்'. நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வருசம் முன்னே வரைக்கும் கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லும் தப்பாம வெளஞ்ச வயலு அது. மூலம் திருநாள் மகாராஜா காலத்திலே மிஞ்சின் துரை நின்னு கெட்டின பேச்சிப்பாறை அணை 1906-லே முடிஞ்சுது. அந்தத் தண்ணி தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய்னு பிரிஞ்சு, பொறவு கிளைக்காலு, பொறவு மடைன்னு இறங்கி இங்கிணெ வந்து சேரும். மலையிலே இருந்து நம்ம வரப்பு வரைக்கும் தண்ணிக்கு வழி சொல்லிக்குடுக்க நூறு வருசம் ஆச்சு. லாரிக்காரன் நாலு ராத்திரியிலே மூடிட்டான்.

மண்ணுக்கு மேலே ஆர்ச்சு வச்சா தண்ணி வழி மறந்துபோகும்னு தரகனுக்கு நெனப்பு. 2021 நவம்பர்லே நம்ம மாவட்டம் முழுக்க வெள்ளக்காடா கெடந்தது உனக்கு டிவியிலே தெரிஞ்சிருக்கும். இதே மாதிரி ஒரு மனையிலே வீடு கெட்டின, வெளிநாட்டிலே வேலை பாக்குக ஒரு பயலுக்கு அப்போ என்ன ஆச்சு தெரியுமா? கிளைக்காலுக்குக் குறுக்கே காம்பவுண்டு சுவரு வச்சிருந்தான். தண்ணி வந்து சுவத்திலே முட்டிப் பாத்துது, பொறவு கேட்டு வழியா மரியாதையா உள்ளே வந்துட்டுது. வழவழன்னு டைல்ஸ் போட்ட கார் ஷெட்டு. அதுக்குள்ளே முழங்கை நீளத்திலே ஒரு வெராலு, நீந்தவும் முடியாம நிக்கவும் முடியாம வழுக்கிக்கிட்டுக் கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரி சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடிச்சா. மதியம் புளிமுளம் கொழம்பு. வீட்டுக்காரன் துபாயிலே இருந்து கேமராவிலே பாத்துட்டு, மீனு யாருக்குச் சொந்தம்னு சண்டைக்கு வாறான்!

அதனாலே மனை பாக்குகதுக்குப் பங்குனியிலே வராதே. தரகன் பங்குனியிலேதான் கூப்பிடுவான். ஐப்பசி கடைசியிலே, நாலு நாளு மழை பேஞ்ச பொறவு, வேட்டியை மடிச்சுக் கெட்டிட்டு வா.

அடுத்தது பத்திரம். பட்டா இருக்கு, வில்லங்கச் சான்று சுத்தமா இருக்குன்னு சொல்லுகான், என்னா? கம்ப்யூட்டர்லே பாக்குக வில்லங்கம் பெரும்பாலும் 1975-லே இருந்துதான். நம்ம ஊரு வில்லங்கம் அதுக்கு முந்தியே பொறந்து, கல்யாணம் கழிஞ்சு, பேரன் எடுத்தாச்சு. மூலப்பத்திரம் கேளு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம மலையாள ராச்சியத்திலே கெடந்தவங்க. எழுத்து மலையாளமா இருக்கும், வருசம் கொல்லம் ஆண்டா இருக்கும். 1101-னு கண்டா குலோத்துங்கச் சோழன் காலத்துச் சொத்துன்னு குதிக்காதே. அது 1925-26.

அந்த 1101-லேதான் நாஞ்சில்நாட்டு வெள்ளாளருக்கு மருமக்கள்வழியைத் திருத்திச் சட்டம் வந்தது. அதுக்கு முன்னே மாமன் சொத்து, அவன் அக்கா தங்கச்சி பெத்த மருமகனுக்கு. பெத்த பிள்ளைக்குக் காரணவர்னு சொல்லுக குடும்பத்துப் பெரியவர் மனசு வச்சுக் குடுத்ததுதான். தேரூர் கவிமணி மருமக்கள்வழி மான்மியம்னு எழுதி இங்கிணெ உள்ள மாமன்மாரு மானத்தைக் கப்பலேத்தினது சும்மாவா? உனக்கு வயலு விக்கவன் தாத்தாவுக்கு அது அப்பன் வழி வந்துதா, மாமன் வழி வந்துதா, அந்த மாமனுக்கு வேற மருமகன் உண்டா, அவனுக்குக் கொள்ளுப்பேரன் வக்கீலா இருக்கானா, இதெல்லாம் பட்டாவிலே எழுதியிருக்காது. டீக்கடை பெஞ்சிலே எழுதியிருக்கும். பொறவு ஸ்ரீபண்டாரவகைன்னு ஒண்ணு உண்டு. பத்மநாபசாமி பேர்லே கெடந்த நெலம். 1964-லே சட்டம் போட்டு ரயத்துவாரி ஆக்கினாவ. போதாததுக்குத் தேவசம் நெலம் வேற. சாமி சொத்திலே கக்கூஸ் கெட்டிட்டுத் தூக்கம் வரலேன்னு என்கிட்டே வராதே.

அங்கீகாரம் இருக்கான்னும் பாரு. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியப்படாதுன்னு 2016 செப்டம்பர்லே ஹைகோர்ட் சொன்ன அன்னைக்கு, நம்ம பக்கத்துத் தரகன்மாருலே பாதிப்பேரு சீசன் இல்லாத சமயத்திலேயே மாலை போட்டுட்டு மலைக்குப் போயிட்டானுவ. மறு வருசம் வரன்முறைத் திட்டம் வந்ததும் இறங்கி வந்துட்டானுவ, தாடி கூட எடுக்கலே. முத்திரை வரி 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் ரசீதோட போகும். ரசீது இல்லாததை நான் சொல்லமாட்டேன், தரகன் சொல்லுவான்.

வெலை ஏறுமான்னு கேக்கே. ஏறும், ஏறும். 2016-லே இனயத்திலே துறைமுகம்னாவ. கடப்பொறத்து ஜனங்க எதுத்து நின்னாவ. பொறவு கோவளம் - மணக்குடிக்கு மாத்தினாவ, அங்கேயும் ஜனங்க விடலே. துறைமுகம் வரலே, நெலத்துக்கு வெலை மட்டும் வந்து எறங்கிட்டுது. 2025-லே விழிஞ்சத்திலே துறைமுகம் திறந்துட்டாவள்லா, அதையும் நம்ம தரகன் கணக்கிலே சேத்துட்டான்: "சார், ஹார்பர் பக்கத்திலேதான்." நாலுவழிச்சாலை பணிக்கு மண்ணு கெடைக்கலேன்னு வருசக்கணக்கா இழுத்துட்டுக் கெடந்தாவ. நம்ம ஆர்ச்சு நகருக்கு மட்டும் ராத்திரியோட ராத்திரியா எந்தப் பொத்தையிலே இருந்து மண்ணு வந்துதோ, நான் கண்ணு தெரியாத கெழவன், பாக்கலே. தேரூர்க் குளத்தையும் சுசீந்திரம் குளத்தையும் சேத்து 2022-லே ராம்சார்னு உலக ஈரநிலப் பட்டியல்லே போட்டாவ. நல்ல காரியம். அடுத்த வாரமே 'லேக் வியூ'ன்னு போர்டு வந்துட்டுது. குளத்துக் கொக்குக்கு இரை வயல்லேல்லா கெடக்கு? கொக்கு கிட்டே கேட்டுட்டா போர்டு வச்சான்?

இப்பம் உன் பச்சைக்கு வாறேன். எதிரே வயலு இருக்குன்னுதானே அந்த மனையைப் பிடிச்சே? அந்த வயலுக்காரனை எனக்குத் தெரியும். ரெண்டு பூவிலேயும் கையைச் சுட்டவன். ஆளு கூலி, உரம், அறுப்பு மெஷினு வாடகை, எல்லாம் போக மிச்சம் வைக்கோலு. அவன் உன் வீட்டைத்தான் பாத்துட்டு இருக்கான். நீ வீடு கெட்டிப் பாலு காய்ச்சினா அவன் வயலுக்கு வெலை ஒரு படி ஏறும். மறுமாசம் அவனும் செம்மண்ணு அடிப்பான். அங்கே வந்து வீடு வைக்கவன், நீ மாடியிலே காயப்போட்ட ஜட்டியைப் பாத்துட்டுக் காப்பி குடிப்பான். அவனுக்கும் தரகன் 'வயல் வியூ'ன்னுதான் சொல்லியிருப்பான். அவனை வையக்கூடாது மக்கா, உன்னை மாதிரி இயற்கை பிரியன்தான்.

அமைதியா இருக்கும்னு சொன்னே. சித்திரை, ஆடியிலே கோயில் கொடை வந்தா வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், நாலு திக்கும் ஸ்பீக்கர் குழாயி. ராத்திரி ரெண்டு மணிக்குச் சுடலைமாடன் வேட்டைக்குப் போவான், நீ காதிலே பஞ்சு வச்சுக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்குலே இருப்பே. கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. தேங்கா வெட்டுக ஆளு கெடைக்க மாட்டான். நீ ஏழு தென்னை உள்ள மனைன்னு பெருமையா சொன்னது, உன் காரு மேலே முதக் குலை விழுக வரைக்கும்தான். டீக்கடையிலே உன்கிட்டே, "எந்தூரு? அப்பா பேரு? எந்தத் தெரு?"ன்னு கேப்பாவ. மூணு கேள்வியும் ஒரே கேள்விதான், சாதி பேரைச் சொல்லாம கேக்க நாஞ்சில் நாட்டானை மிஞ்ச ஆளு கெடையாது. நீ நம்ம பயலு, உனக்குப் பதில் இருக்கு. உன் கூட்டாளி ஒருத்தனும் சேந்து மனை வாங்குகான்னு சொன்னேல்லா, அவன்கிட்டே இதை முன்கூட்டியே சொல்லி வை. வெலை அவனுக்கு வேறயா இருக்கும். சில தெருவிலே வெலையே இருக்காது.

நெசமாவே இருக்கணும்னு வாறேன்னா வயலை விட்டுரு. தெருவிலே அஞ்சாறு வீடு பூட்டிக் கெடக்கு. மேலத்தெரு ஓட்டு வீட்டைப் பாத்திருப்பே: படிப்புரை, தேக்குப் பலகைத் தட்டு, நெல்லு போட்டு வச்ச பத்தாயம், சித்திரையிலேயும் வத்தாத கெணறு. வவ்வாலு இருக்கு, அது வாடகை தராது, தொந்தரவும் பண்ணாது. மேட்டுலே கெடக்கு, வெராலு வராது. எங்க மாமா வீடு. அவகாசி ஏழு பேரு. ஒருத்தி சென்னை, ஒருத்தன் மஸ்கட்டு, ரெண்டு பேரு திருவனந்தபுரம், ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் பேசமாட்டாவ, அவங்களை வேற வேற நாளைக்குக் கூட்டிட்டு வரணும். ஆறு கையெழுத்தையும் நீ வாங்கிருவே, படிச்ச பயலு.

ஏழாவது கையெழுத்து என்னுது. எங்க அம்மா வழியிலே வந்த பங்கு. இப்போதைக்குப் போடுக மாதிரி இல்லே. நீ ஐப்பசியிலே வந்து அங்கிணெ ஒரு மாசம் கெட. எத்தனை ஓடு ஒழுகுதுன்னு எண்ணி வை. பொறவு வெலை பேசுவோம், தரகன் இல்லாம.