டி டிரைவுக்குக் குடிபோன கதை

சி டிரைவில் சிவப்புக் கோடு விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. 120 ஜிபியில் 3 ஜிபிதான் மிச்சம். கணினியைத் திறக்கும்போதெல்லாம் வட்டிக்காரர் வாசலில் நிற்பதுபோல் இருக்கும். ஒருவழியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினேன். அது 931 ஜிபி என்று காட்டியது. கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: தயாரிப்பவர்கள் 1,000-ஆல் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மூட்டை கட்ட உட்கார்ந்தால், 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'பேக்கப்'. அதற்குள் 'கடைசி பேக்கப்'. அதற்குள் மறுபடியும் 'பழசு'. அடியாழத்தில், பாமினி எழுத்துருவில் நான் அந்தக் காலத்தில் அடித்த கடிதங்கள். அந்த எழுத்துரு இப்போது என்னிடம் இல்லை. அதனால் 'அன்புள்ள' என்ற சொல் எம், டி, அரைப்புள்ளி, ஜி என்று தொடங்கிக் கிடந்தது. யாருக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அன்பு என்பது மட்டும் உறுதி என்பதால் அழிக்க மனம் வரவில்லை.

டாக்குமெண்ட்ஸ்மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். எங்கே என்று கேட்டது. "டி" என்றேன். அங்கேதான் வந்தது வினை.

ஒரே டிரைவுக்குள் என்றால் விலாசம் மட்டும் மாறும், ஒரு நொடி வேலை. டிரைவ் விட்டு டிரைவ் என்றால் ஒவ்வொன்றாகப் படியெடுத்து, பிறகு பழையதை அழிக்க வேண்டும். மீதி 3 நிமிடம் என்றது. பிறகு 2 மணி நேரம். பிறகு 40 விநாடி. பிளம்பர் போனில் சொல்வதைவிட மோசம்.

முடிந்ததும் பார்த்தால் டி டிரைவையே காணோம். அதன் பெயர் டாக்குமெண்ட்ஸ் என்று மாறியிருந்தது. ஓர் அறை வாடகைக்குக் கேட்டவன் மொத்த வீட்டுக்கும் தன் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டான். 'ரீஸ்டோர் டீஃபால்ட்'டை அழுத்தினேன். முடியாது என்றது.

அக்கா மகன் வந்தான்.

"மாமா, டி டிரைவ் எங்கே?"

"அதான் டாக்குமெண்ட்ஸ்."

"அப்ப டாக்குமெண்ட்ஸ்?"

"அதான் டி."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ரெஜிஸ்ட்ரிக்குள் போய் ஒரு வரியைத் திருத்தினான். "டி-க்குள்ள முதல்ல ஒரு ஃபோல்டர் போட்டு, அதைக் காட்டணும் மாமா" என்றான். இதை மைக்ரோசாஃப்ட் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றேன். காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மாலையில் வீட்டம்மா, "என்னங்க, என் ஆதார் ஒரு பிரிண்ட் வேணும்" என்றாள். டவுன்லோட்ஸில் தேடினால் ஆதார், ஆதார் 1 என்று ஆரம்பித்து ஆதார் 6 வரை. தேவைப்படும்போதெல்லாம் புதிதாக இறக்கியிருக்கிறேன். திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது: பெயரில் முதல் 4 எழுத்து, பிறந்த வருடம். நான் வருடத்தை யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டாள்.

எட்டாவது ஆதார் இப்போது அவள் போனில் இருக்கிறது.