கம்ப்யூட்டர் தம்பி

ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஓரளவு பெரிய ஷூ கம்பெனிகளில், அக்கவுண்ட்ஸ் அறையை ஒட்டிய ஒரு பொந்தில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட, ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதலாளிக்கு அவர் 'கம்ப்யூட்டர் தம்பி'. சென்னைக்கும் பெங்களூருக்கும் மாறி மாறி ரயில் போகிற ஊரில் பிறந்தும், எதிலும் ஏறாமல் இருந்துவிட்டவர்.

காரணம் ஃப்ராப்பே. மும்பைக்காரர் ருஷப் மேத்தா, தம் குடும்பத்து ஃபர்னிச்சர் வியாபாரத்துக்கு சாஃப்ட்வேர் போடப் போய்ப் பட்ட பாட்டில் பிறந்தது ஈஆர்பிநெக்ஸ்ட். அதைத் தாங்கி நிற்கிற பைத்தான் ஃபிரேம்வொர்க்தான் ஃப்ராப்பே. காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மேய்ந்து, திருத்தித் திருப்பி அனுப்பலாம். இதில் 'காசில்லாமல்' வரைதான் முதலாளி காதில் விழுந்தது. தம்பியின் சம்பளத்தையும் ஏறக்குறைய அந்தக் கொள்கைப்படியே நிர்ணயித்திருக்கிறார்.

"தம்பி, பிரிண்டர் ஓடல" என்றால் "பாக்குறேன் பாய்" என்பார். அந்தப் பார்வை விழ ஒரு வாரமாகும். ஆனால் பிரேசிலில் ஃப்ராப்பே வைத்திருக்கும் எவருக்கோ மைக்ரேஷன் பாதியில் நின்றுவிட்டது என்று தெரிந்தால் போதும், பிரியாணியை ஆறவிட்டு எழுந்துவிடுவார். ஆம்பூரில் சீரகச்சம்பா பிரியாணியை ஆறவிடுவது லேசான தியாகமல்ல. வீட்டில் மிக்ஸி நின்றாலும் "ரீஸ்டார்ட் பண்ணியாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் லெஃப்ட்பேட் கதை சொல்வார்: 2016 மார்ச்சில் ஒருவர் கோபித்துக்கொண்டு தம்முடைய 11 வரி ஜாவாஸ்கிரிப்டைப் பிடுங்கிக்கொண்டாராம், பெரிய பெரிய கம்பெனிகளின் வேலையெல்லாம் படுத்துக்கொண்டதாம். கேட்டவர் ரசத்துக்குக் கை நீட்டுவார்.

அப்படிப்பட்ட ஒரு தம்பியின் வாழ்நாள் யுத்தம் தோல் ஸ்டாக்கோடு நடந்தது. தோலை எண்ணுவது துண்டுக் கணக்கில். விலை சதுர அடிக்கு. டேனரி பில்லில் இருக்கிற அடி கம்ப்யூட்டரில் இல்லை. முதலாளி குடோன் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டார். தம்பி ஃபிரேம்வொர்க்கைச் சந்தேகப்பட்டார். ஃப்ராப்பேயில் பேங்கர்ஸ் ரவுண்டிங் என்று ஒன்று உண்டு: இரண்டரையை இரண்டாக்கும், மூன்றரையை நான்காக்கும். "சிக்கிருச்சு!" என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தி, டெஸ்ட் எழுதி, ஃப்ராப்பேக்காரர்களுக்குப் புல் ரிக்வெஸ்ட்டும் அனுப்பிவிட்டார். 'இதில் பிழை எதுவும் இல்லையே' என்று அடக்கமாகப் பதில் வந்தது. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

தோலைத் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர், டீ கிளாஸோடு அந்தப் பக்கம் போனவர், திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, ஆறு புள்ளி மூணுன்னு போட்டுக்கிற? அது ஆறே முக்கால்பா."

தோலின் பின்பக்கம் 6 என்று எழுதி, அதன் தலைமேல் பொடிசாக 3 போட்டால் ஆறும் மூன்று காலும். குடோன் பையன் அதை 6.3 என்று தட்டியிருக்கிறான். தோலுக்கு 0.45 அடி அங்கேயே மாயம். பெரியவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வாட்ச்மேனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் பையனைக் கூப்பிட்டு "இனிமே 6.75னு போடுடா" என்று முடித்திருப்பார். நம் தம்பி, கால் அடிக் கணக்கைப் புரிந்துகொள்கிற ஒரு தனி ஆப் எழுதி, உலகத்துத் தோல் வியாபாரிகள் அனைவருக்கும் பொதுவில் வைத்துவிட்டார். பிடித்தவர்கள் போடும் ஸ்டார் இதுவரை மூன்று விழுந்திருக்கிறது. ஒன்று அவரே போட்டது.

ஆனால் அந்தக் கம்பெனியில் இப்போது ஸ்டாக் டேலி ஆகிறது. பில்லும் கம்ப்யூட்டரும் ஒரே அடியைச் சொல்கின்றன. ஆகவே, தோல் தொழிலில் இருக்கும் முதலாளிமார்களே, இப்படியொரு தம்பி அகப்பட்டால் பெங்களூர் ரயிலில் ஏறவிடாதீர்கள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பிரிண்டருக்கு வேறு ஆள் பாருங்கள்.