மைதானத்தில் மைக் டெஸ்டிங்

திறந்தவெளி நிகழ்ச்சி நடத்துவது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். தமிழ்நாட்டில் மேடை போடாமல் தூங்குகிற ஒரு தெருகூட இல்லை என்பது வந்த தபாலைப் பார்த்ததும் புரிந்தது.

குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், குரோம்பேட்டை: எங்கள் நகரின் பொன்விழாவைப் பூங்காவில் மாலை 4 மணிக்கு நடத்தப் போகிறோம். முதலில் யாரை அழைக்க வேண்டும்?

பந்தல்காரரை. எம்.எல்.ஏ.வை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் பந்தல் இருந்தால்தான் வருவார். பந்தல்காரருக்குப் பந்தலே தேவையில்லை.

அவர் வந்ததும் என்ன கேட்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். 'லாரி உள்ள வருமா? தண்ணி எந்தப் பக்கம் நிக்கும்? மேல ஒயர் போகுதே, கரண்டா கேபிளா? தரை மண்ணா, சிமெண்டுக் கல்லா?' நாலே கேள்வி. உங்கள் விழாக் குழு மூன்று கூட்டம் போட்டு, பஜ்ஜி சாப்பிட்டு, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்ட நேரத்தில் இவற்றில் ஒன்றையாவது யோசித்ததா?

அவரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: சூரியன் எங்கே இறங்கும்? மேடையை மேற்கே போட்டால் வந்தவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் வெயில். தெற்கிலோ வடக்கிலோ போட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. என் சிபாரிசு கிழக்கு. பார்வையாளர்களுக்கு முதுகில் வெயில், மேடையில் உள்ளவர்களுக்கு முகத்தில் வெயில். வாழ்த்துரைகள் தாமாகச் சுருங்கும்.

ஐ.டி. ஊழியர், சிறுசேரி: ட்ரோன் கேமரா அவசியமா?

மேலிருந்து எடுக்கிற அளவுக்குக் கீழே ஆள் வரும் என்றால்.

கல்லூரிப் பேராசிரியர், தாம்பரம்: சென்னையில் நவம்பரில் வைக்கலாமா? இல்லை, ஆகஸ்ட் பாதுகாப்பானதா?

நவம்பரில் நீச்சல் போட்டி என்றால் வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட்டில்தான் ஏமாறுகிறார்கள். பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் மேற்கே கறுத்து, சரியாகக் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில் இடியோடு இறங்கும் மழை நம் ஊர் ஆகஸ்ட்டின் சொந்தச் சரக்கு. ஏ.ஆர். ரகுமானே தப்பவில்லை. 2023 ஆகஸ்ட் 12 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்க வேண்டிய அவருடைய கச்சேரி, மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப் போனது.

சென்னைக்கு நல்ல மாதங்கள் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். அதிலும் நம்பிக்கை வேண்டாம். 'மழை வந்தால் யார் முடிவெடுப்பது, எத்தனை மணிக்குள்' என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நனைந்துகொண்டே தீர்மானம் நிறைவேற்ற வேண்டி வரும். இடிச் சத்தம் கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுங்கள். இரும்புச் சாரத்தின் கீழே நின்றுகொண்டு 'ஒரே ஒரு பாட்டு, முடிச்சிரலாம்' என்பவரை மைக்கிலிருந்து பிரித்து எடுப்பது தலைவரின் பொறுப்பு.

மசாலா நிறுவன விற்பனைப் பிரிவு, கோவை: எங்கள் சாம்பார் பொடியை அறிமுகப்படுத்த வ.உ.சி. மைதானத்தில் 'குடும்ப விழா' நடத்துகிறோம். பிராண்ட் மக்கள் மனதில் நிற்க என்ன செய்யலாம்?

சாம்பார் வையுங்கள்.

சிரிக்காதீர்கள். உங்கள் திட்டத்தை நான் பார்க்காமலே சொல்கிறேன்: நுழைவாயிலில் காற்றடைத்த வளைவு, பாக்கெட் வேஷம் போட்ட ஒரு பையன், செல்ஃபி எடுக்க ஒரு சட்டம், எல்.இ.டி. திரையில் உங்கள் விளம்பரமே நாற்பது தடவை. சாம்பார் மட்டும் எங்கேயும் இருக்காது. பொடி விற்கிற விழாவில் பசியோடு வந்தவனுக்கு நூடுல்ஸ் ஸ்டாலைக் காட்டுகிற துணிச்சல் விளம்பரத் துறைக்கு மட்டுமே உண்டு.

ஒரு பெரிய அண்டா. துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், உங்கள் பொடி. அண்டாவை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வாசனையை மைதானம் முழுக்கக் கூலி வாங்காமல் கொண்டு சேர்க்கும். டீசல் ஜெனரேட்டரை மட்டும் தயவுசெய்து கிழக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் டீசல் சாம்பாரைத்தான் அறிமுகப்படுத்துவீர்கள். விழா வேறு மாதம் என்றால், முதல் நாள் அதே நேரத்துக்கு மைதானத்தில் ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை திசை சொல்லும்.

அதே காற்று உங்கள் வளைவையும் தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகிறது. பிளெக்ஸ் பேனர் என்பது பாய்மரம்தான். கப்பல் மட்டும் இல்லை. 2019-இல் பள்ளிக்கரணையில் சாலையோர பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் விழுந்து, பின்னால் வந்த லாரியில் உயிர் போனது. அதன் பிறகும் சட்டவிரோத பேனர் வைக்கிற நிறுவனத்தின் சாம்பாரை நான் சாப்பிட மாட்டேன்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நாமக்கல்: சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையா, புத்தகமா?

நாற்காலி. பொன்னாடை பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள், இதழின் பக்கங்கள் போதாது.

இளைஞர் மன்றம், சேலம்: என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

இடம் யாருடையதோ அவரிடம்: மாநகராட்சி, பள்ளி, கோயில், யாரானாலும் எழுத்தில். காவல் நிலையத்தில் கூட்டத்துக்கும், ஒலிபெருக்கிக்கும், சாலையில் நெரிசல் வருமென்றால் போக்குவரத்துக்கும். பெரிய பந்தல் என்றால் தீயணைப்புத் துறை. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு. கம்பத்தில் கொக்கி போடுவது இணைப்பு ஆகாது.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 'ஒரு பத்து நிமிஷம் சார்' என்பது விதியில் இல்லை. பதிவு செய்த சினிமாப் பாட்டைப் பொது நிகழ்ச்சியில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும். கல்யாணத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதற்காக உங்கள் மன்றத் தலைவரை மணவறையில் உட்கார வைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

இலக்கிய அமைப்பாளர், மதுரை: எங்கள் திறந்தவெளிக் கூட்டங்களில் பெண்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். ரசனைக் குறைவா?

கழிப்பறைக் குறைவு. கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களிடம் ரசனை பற்றிப் பேச உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நீங்கள் மைதானத்துச் சுவரைப் பார்த்துக் காரியத்தை முடித்துவிடுகிறீர்கள்.

பெண்களுக்கு ஆண்களைவிட அதிகக் கழிப்பறை வையுங்கள். சரிபாதி என்பதே அநியாயம், அங்கே ஒவ்வொருவருக்கும் நேரம் கூடுதலாக ஆகும். போகிற வழியில் விளக்கு, உள்ளே தண்ணீர், மூடி போட்ட குப்பைக் கூடை. கதவின் தாழ்ப்பாள் விழுகிறதா என்று தலைவரே போய்ப் போட்டுப் பார்க்கட்டும். அவருடைய அன்றைய உரையைவிட அது பயனுள்ள பணி.

வாசகர், விருத்தாசலம்: லக்கி டிரா வைக்கலாமா?

கடைசிவரை உட்கார வேறு காரணம் இல்லையென்றால் வையுங்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி: எங்கள் விழாவில் நான் வாலண்டியர். கூட்டம் அதிகமானால் வெற்றி என்கிறார்கள். எனக்கு உள்ளூர பயமாக இருக்கிறது. தப்பா?

தப்பில்லை அம்மா. அந்தப் பயத்தை விட்டுவிடாதே.

2024 அக்டோபர் 6, மெரினாவில் விமான சாகசம். காலை வெயிலில் லட்சக்கணக்கில் கூடினார்கள், முடிந்ததும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் பெங்களூரு கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் கரூரில், மணிக்கணக்காகக் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர். யாரும் சண்டைக்குப் போனவர்கள் இல்லை. பார்க்கப் போனவர்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் யாருக்கும் தன் கால் தன் வசம் இருக்காது. முன்னால் நசுங்குகிறவரின் சத்தம் பின்னால் தள்ளுகிறவருக்குக் கேட்காது. நெரிசலில் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். எனவே உன் கண் மேடை மேல் இருக்க வேண்டாம். கூட்டத்தின் மேல் இருக்கட்டும். ஆட்கள் கையைத் தூக்க முடியாமல் நிற்கிறார்களா? குழந்தைகளைத் தலைக்கு மேல் கை மாற்றுகிறார்களா? அந்த நிமிடமே சொல். முன்வரிசையைப் பின்னுக்குத் தள்ளாதே. பின்னால் இருப்பவர்களை முதலில் கலைக்கச் சொல்.

விழாக் குழுவிடம் இப்போதே கேள்: எத்தனை பேருக்கு இடம், அந்த எண்ணிக்கை வந்ததும் வாசலை யார் மூடுவது? வெளியேறும் வழிகள் எத்தனை, அவற்றில் பூட்டு இருக்கிறதா? ஆம்புலன்ஸ் போகிற பாதையில் யாருடைய கார் நிற்கிறது? தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா, நாலு பக்கமுமா? நிகழ்ச்சியை நிறுத்துகிற அதிகாரம் யாரிடம்? 'அதெல்லாம் பார்த்துக்கலாம்மா' என்று பதில் வந்தால், கடிதமாக எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுத்துவிடு. கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

ஹோட்டல் உரிமையாளர், காரைக்குடி: விழாவுக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப் பிளாஸ்டிக் பை அடித்து வைத்திருக்கிறேன்.

2019 ஜனவரி 1-இலிருந்து தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை வாங்குங்கள், உங்கள் ஓட்டல் பெயர் பத்து வருஷம் மார்க்கெட்டுக்குப் போகும்.

பண்பலை ரசிகர், நெல்லை: நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க எப்படிப்பட்டவரைப் போடலாம்?

'சத்தம் பத்தலையே! இன்னும் சத்தமா!' என்று கேட்காதவரை. டிக்கெட் வாங்கி, பஸ் பிடித்து, வெயிலில் உட்கார்ந்திருப்பவன் தொண்டையும் கிழித்துக்கொள்ள வேண்டுமாம். சத்தம் போட வேண்டியது இவர், சம்பளம் இவருக்குத்தானே! தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தைப் பதறாமல், தெளிவாக, இரண்டு தடவை சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் 'தென்காசி வண்டி கிளம்பப் போகிறது' என்று அறிவிப்பவர் இன்னும் இருக்கிறாரா? விசாரித்துப் பாருங்கள்.