செம்பூர்ப் பரிமேலழகர்

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். காலம் பின்னோக்கி ஓடும் கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்' படத்துக்கு மும்பைத் தமிழர்களில் மட்டும் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. மாட்டுங்காவில் சொசைட்டிக்கு ஒருவர் என்றால், செம்பூரில் விங்குக்கு ஒருவர். நான் சொல்லப்போவது பி விங்க்காரரை.

"எத்தனை வாட்டி பார்த்தே?" இதுதான் அவர் நலம் விசாரிக்கும் முறை. ஒரு தடவை என்றால் பரிதாபப்படுவார். இரண்டு தடவை என்றால் கேள்வி கேட்டுச் சோதிப்பார். பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

படத்தில் அவருக்குக் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு. 2019 செப்டம்பரில் அதன் ஒரு பகுதியை மும்பையில் எடுத்தார்கள். அப்போது அவருக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ். மதியச் சாப்பாடு முடிந்து கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் காலாற நடந்தவரை ஷூட்டிங் காவலாளி திருப்பி அனுப்பினாராம். அதனால் மும்பைக் காட்சி வரும்போதெல்லாம் திரையின் இடது ஓரத்துக்கு வெளியே விரலைக் காட்டி, "இங்கேதான் நின்னுண்டிருந்தேன்" என்பார். நாயகனும் நண்பனும் கயிற்றில் எகிறி அடுக்குமாடியில் ஏறும் காட்சியில் அவர் வீட்டு மாமி மட்டும், "நம்ம லிஃப்ட் ரிப்பேராகறச்சே இது மாதிரி ஒண்ணு மாட்டச் சொல்லுங்கோ" என்பாள்.

படம் இந்தியாவுக்கு வந்தது 2020 டிசம்பர் 4. மகாராஷ்டிரத்தில் தியேட்டர்கள் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; பாதி சீட்டுக்குத்தான் அனுமதி. திரையிலும் மாஸ்க், அரங்கிலும் மாஸ்க். வசனம் காதில் விழவில்லை என்று உலகமே புலம்பிய படம் அது. அன்று பக்கத்து சீட்டும் காலி என்பதால் உரை கேட்கவும் ஆளில்லை. அந்தக் குறையைத்தான் இன்றுவரை தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா கஃபே மெட்ராஸ் வாசலில் பேர் கொடுத்துவிட்டு நிற்கும் கூட்டம் அவருக்கென்றே அமைந்த சபை. யாரும் வரிசையை விட்டு ஓட முடியாது. ஒருமுறை நான் அகப்பட்டேன். கூப்பிட்டு உள்ளே உட்காரவைப்பதற்குள் கதை எஸ்டோனியா நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. காபி வந்ததும் டம்ளரிலிருந்து தபராவில் ஓர் ஆற்று ஆற்றினார்.

"இது சாதாரணக் காலம். இதே காபி தபராலேர்ந்து தானா டம்ளருக்கு எழும்பினா? அதான் இன்வெர்ஷன்."

"தானா எப்படி மாமா எழும்பும்?"

"நீ பின்னோக்கிப் போனா உன் கண்ணுக்கு எழும்பும்டா!"

எழும்புவதை அவரே ஐந்தாறு முறை நடித்துக் காட்டினார். நுரை அடங்கியது. சட்டையில் ஒரு சொட்டு. பின்னால் நின்ற சர்வர், "ஆறிப்போச்சு சார், வேற கொண்டுவரட்டுமா?" என்றார்.

படத்தின் இயற்பியல் மொத்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது. சூடு வெளியே போகும். போன சூடு தானாகத் திரும்பி வந்து காபியில் ஏறாது. காலத்துக்கு முன், பின் என்று ஒரு திசை இருப்பதற்கு இயற்பியல் காட்டும் சாட்சி இதுதான், என்ட்ரோபி என்பார்கள். நோலன் அதைத்தான் புரட்டிப்போட்டார். காலத்தில் பின்னோக்கிப் போகும் நாயகன் எரியும் காரில் மாட்டிக்கொண்டு, வேகாமல் குளிரில் விறைத்துப்போவது அதனால்தான். நம் உரைகாரரோ சர்வர் குறுக்கிட்டதில் கடுப்பாகி, கதையை முதலிலிருந்து தொடங்கினார்.

அவரை மடக்கியவள் மாமி ஒருத்திதான். பின்னோக்கிப் போகிறவர்களுக்கு வெளிக்காற்று நுரையீரலில் ஏறாது, அதனால்தான் மாஸ்க் என்று ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தார். "காத்தே ஒத்துக்காதுன்னா இட்லி எப்படி ஒத்துக்கும்? பின்னாடியே போயிண்டிருக்கறவன் சாப்பிடறது எதை?" என்றாள். நீண்ட மௌனம். பிறகு, "அதுக்குத்தான் ரெண்டாவது வாட்டி பார்க்கணும்கறேன்" என்றார்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் செய்யும் திருநெல்வேலித் தம்பி வேறு கட்சி. அவருக்கு 2021இல் வந்த வெங்கட் பிரபுவின் 'மாநாடு' போதும். "எனக்கு மொதத் தடவையே புரிஞ்சிட்டுண்ணே. நல்லா இருந்துச்சுன்னு நாலு தடவ பாத்தேன்" என்கிறார். இதைச் செம்பூரில் சொன்னேன். "ஒரே வாட்டில புரிஞ்சா அது என்ன டைம் டிராவல்?" என்று பதில் வந்தது. 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை'யை அவர் மதிக்காததற்கும் காரணம் இதுதான். அங்கே உரைக்கு வேலையே இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'டெனெட்' இரண்டாம் முறை பார்ப்பவனை ஏமாற்றுவதில்லை. முதல் காட்சியில் அரைக்கணம் வந்துபோகும் ஒரு சிவப்புக் கயிறு, முடிவு தெரிந்தபின் பார்த்தால் நெஞ்சைப் பிடிக்கும். ஆனால் நான் முதல் முறை பார்ப்பதற்கு முன்பே மனிதர், "பைல தொங்கற சிவப்புக் கயிறைக் கவனி" என்று சொல்லிவைத்துவிட்டார். படம் முழுக்க வந்தவன் போனவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு யோசனை. படம் இரண்டரை மணி நேரம். ஞாயிறு காலை ஏழரைக்குப் போட்டுவிடுங்கள். அவர் மாட்டுங்காவிலிருந்து திரும்புவதற்குள் முடிந்துவிடும்.