தாடி வளர்த்த அப்பாக்கள்

நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஒரு வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவள் புருஷன் முகத்தைப் பார்த்தே எங்கள் மலை ஊரான பாச்சலூரில் சொல்லிவிடுவார்கள். மாதம் ஏற ஏற அவனுக்குத் தாடியும் ஏறும். பிள்ளை பிறக்கும்வரை முடி வெட்டக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, பாம்பைக் கண்டாலும் அடிக்கக்கூடாது, புது வீட்டு வேலை தொடங்கக்கூடாது. இழவு வீட்டில் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனால், “நீ தொடாதப்பா, உன் வீட்டுல பிள்ளைத்தாச்சி இருக்கு” என்று பெரியவர்கள் கையைப் பிடித்து விலக்கி நிறுத்துவார்கள். குழந்தை பிறந்ததும் பழனிக்குப் போய் முடியிறக்கிவிட்டு வருவான்.

இத்தனை கட்டுப்பாட்டிலும் பீடிக்குத் தடை இல்லை. என் அண்ணனை இப்போதும் அப்படியே பார்க்கிறேன். மலைக்குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பீடி முடியுமுன் அதன் கங்கிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். எட்டு மாத வயிற்றோடு மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

“கொஞ்சம் வெளிய போயிக் குடிங்களேன்.”

“வெளிய பனி கொட்டுதுல்ல?”

அம்மாவும் அங்கேதான் இருப்பார். அண்ணன் கத்தரிக்கோலைத் தொட்டிருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பார்; பீடிக்கு வாய் திறந்ததில்லை.

தோட்டத்திலும் அதே கதைதான். முடிக்கொத்து நோய் எங்கள் மலைவாழையைத் தின்ற காலம் அது. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி என்று, பூச்சிமருந்தை வெறுங்கையால் கலக்கி அடித்தார்கள். நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து, அதே கையால் சோற்றைப் பிசைந்தார்கள். இப்படி மருந்தோடு புழங்குவது ஆண் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1977-ல், டி.பி.சி.பி. என்ற நூற்புழுக் கொல்லியைக் கையாண்ட கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு குறைந்தோ அற்றோ போயிருந்தது தெரியவந்தது. அதே மருந்தைப் போட்ட மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான ஆண்கள் மலடானதாக வழக்குப் போட்டார்கள். வாழை நம்முடையதைப் போன்ற வாழைதான்; மருந்து போட்ட ஆளும் நம்மைப் போன்றவன்தான்.

இப்போது அண்ணன் மகனின் முறை. முகத்தில் தாடி இல்லை. மனைவியை வண்டியில் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் பார்த்துப் பார்த்து இறக்கி, ஒட்டன்சத்திரத்துக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறான். அவள் வாந்தி எடுத்தால் தலையைப் பிடித்துக்கொள்கிறான். எங்கள் தலைமுறை ஆண்கள் செய்யாத காரியம் இது. பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் பீடி போய் சிகரெட் வந்திருக்கிறது. ராத்திரி வெகுநேரம் போன் வெளிச்சம் முகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மதுக்கடைக்குப் போய்விட்டு, அதே வளைவுகளில் இருட்டில் வண்டியோட்டி வருகிறான். மருந்து அடிக்கும்போது கட்டவேண்டிய முகமூடி ஆணியில் தொங்குகிறது. சடங்குகள் போய்விட்டன; கெடுதல் மட்டும் தங்கிவிட்டது.

அந்தச் சடங்குகளில் மூடநம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் அவற்றின் அடியில் ஒரு நல்ல எண்ணமும் இருந்தது: பிள்ளையைச் சுமப்பவள் ஒருத்தி, அதற்காக உடம்பைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் இருவர். மருத்துவமும் இன்று அதைத்தான் சொல்கிறது. விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. அந்த நாட்களில் இழுக்கும் புகை அதன் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும். கரு தங்கியபின், வீட்டுக்குள் விடும் புகையை மூச்சிழுக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தாலும் புகையின் நஞ்சு சட்டையிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு விரதம் புதிதல்ல. மாலை போட்டால் ஒரு மண்டலம், 48 நாள், பீடியையும் பாட்டிலையும் திரும்பிப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். முருகனுக்காகவும் ஐயப்பனுக்காகவும் முடிகிற காரியம் சொந்தப் பிள்ளைக்காக முடியாதா?

கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து பெண்ணிடம் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கும்போது, வாசலில் நிற்கும் தம்பி, நீயும் உள்ளே வா. உன் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல். மருந்து அடித்துவிட்டு வந்தால் குளித்து, துணியைத் தனியாகத் துவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார். புகையை விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிடு. விடுவதற்கு வழி சொல்வார்கள். தாடி உன் இஷ்டம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் நாளிலேயே புகையை விட்டுவிடு.