இனாம் மென்பொருளின் பாத்தியதை

கேள்வி: இனாமாகக் கொடுத்துவிட்ட திறமூல மென்பொருளுக்கு நிபந்தனை விதிக்க, அதை எழுதியவருக்கு ஏது பாத்தியதை?
(ஒரு வாசகர், பகாவ் தோட்டம், நெகிரி செம்பிலான்)

பதில்: நிரைகளில் மாடு மேய்த்துக்கொள்ளத் துரை அனுமதித்தார் என்பதற்காக ரப்பர் மரத்தையே வெட்டி விற்கப் புறப்பட்டவன், போலீசாரிடம் கேட்கக்கூடிய கேள்வி இது! நமது மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்து (கவிஞர்கள் பொறுத்தருள்க) ரக்ஷிப்பதால், ஆசிரியரின் அனுமதியின்றிப் பிரதி செய்வதே பொதுவாக அத்துமீறலாகிறது. உரிமம் வழங்குவதும் அந்த அனுமதியைத்தான், ‘மூல நிரலையும் உடன் கொடு, என் பெயரை அழிக்காதே’ என்பன போன்ற நிபந்தனைகளோடு. பொம்மை ரயில் ஓட்டும் நிரலொன்றைப் பற்றிய ஜேக்கப்சன் வழக்கில், அத்தகைய நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்தப் பிசகன்று, பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமமே செல்லாதென்று வாதாடுகிறவர் பாடு இன்னும் பரிதாபம்: வாதத்தில் ஜயித்தால், அவர் கையில் எஞ்சுவது திருட்டுப் பிரதி.